வெல்லம் போடாத தொக்கு

ஜூன் 3, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. மேல்காற்று வேறு. மாடியில் காயப்போட்ட லைனிங் துணி எதிர்வீட்டு முருங்கை மரத்தில்.

யூனிபார்ம் சட்டை: முடித்தது 11, பாக்கி 16. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். இடது கண்ணில் பாலாடை படிந்த மாதிரி மூட்டம். நேற்று ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். முப்பது வருடத் தையலில் முதல் தடவை. பிரித்தேன். பிரிப்பதற்கும் கண் வேண்டியிருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரி. கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் சுகர் இறங்காமல் கை வைக்க மாட்டேன் என்று கண் டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். அதனால் சுகர் டாக்டர். வெறும் வயிற்றில் 174. சாப்பிட்ட பிறகு 262.

"ஸ்வீட் ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்றார் சுகர் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஒளிச்சி வச்சி சாப்புடுறா போலருக்குது சார். இல்லன்னா எப்புடி ஏறும்?"

டாக்டர் சிரித்தார். கதவோரம் நின்ற நர்சுப் பெண் சிரித்தாள். சொன்னவரும் சிரித்தார். நடுவில் நான் மட்டும் பிடிபட்டவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. மூன்று மாதமாக ஒரு துண்டு இனிப்பு நாக்கில் பட்டதில்லை. கல்யாண வீட்டில் இலையில் வைத்த கேசரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளியவள் நான்.

வண்டியில் வரும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னன். அதுக்குப் போயி..."

பேச்சுக்காம். கரண்ட் ஆபீசில் இவர் வேலை பார்த்த காலத்தில் யாராவது பேச்சுக்கு "ஒயரைத் திருடிட்டார்" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது தெரிந்திருக்கும்.

ஆறு வாரம் டைம். ஜூலை 14 மறுபடி போக வேண்டும். குறைந்திருந்தால் ஆபரேஷனுக்குக் கடிதம் தருவார். குறையாவிட்டால் ஊசி ஆரம்பித்து, இன்னும் மூன்று மாதம் தள்ளிப் பார்ப்பாராம். அதற்குள் தீபாவளி ஜாக்கெட் வந்துவிடும். கண் இல்லாமல் யார் தைப்பது?

சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டு அவர்களுக்கு. இது எனக்கு.

ஜூன் 4, புதன்

காலை: இரண்டு முட்டை, வெள்ளரிக்காய். மதியம்: ஒரு கரண்டி சோறு, அவித்த முட்டைக்கோஸ். ராத்திரி: அவித்த முட்டைக்கோஸின் மிச்சம்.

இதை மாட்டுக்கு வைத்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

எதிரில் உட்கார்ந்து இவர் நாலு இட்லி, வடகறி. "ஒனக்கு வேணாம்ல?" என்று ஒரு கேள்வி வேறு.

தொட்டுக்கொள்ள ஏதாவது காரமாக இருந்தால் இந்த முட்டைக்கோஸை உள்ளே தள்ளிவிடலாம். கடையில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று பெரிய எழுத்தில் போட்ட தக்காளிச் சாஸ் இருந்தது. பின்பக்கம் எழுத்து எறும்பு மாதிரி. கடைக்காரரைப் படிக்கச் சொன்னேன். ஏதேதோ மாவு, ஏதோ பழக்கூழ். திருப்பி வைத்துவிட்டேன். செல்போனில் ஒருத்தி 'சுகர் உள்ளவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று தொக்கு கிண்டுகிறாள், கடைசியில் பேரீச்சம்பழத்தை அரைத்து ஊற்றுகிறாள். இயற்கை இனிப்பாம். நல்லா இருடியம்மா.

நானே செய்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மூன்று சட்டை முடிந்தது. பிறகு அடுப்படி.

புளி - கால் கிலோ, கொட்டையும் நாரும் எடுத்தது
பச்சை மிளகாய் - இரண்டு கை
இஞ்சி - நாலு விரல் நீளம்
பூண்டு - இரண்டு முழுசு
நல்லெண்ணெய் - தாராளமாக
அக்காவின் கொத்சுப் பொடி - 4 ஸ்பூன்
வெல்லம் - இல்லை. இல்லவே இல்லை.

கமலம் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள். கத்தரிக்காய்க் கொத்சுக்கு அவள் வறுத்து அரைக்கிற பொடிக்கு ஈடு கிடையாது. மாதம் ஒரு டப்பா பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.

வெல்லம் போடாமல் அடுப்பை அணைத்தது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. நாங்கள் நெல்லிக்குப்பத்துக்காரர்கள். அப்பா கரும்பு போட்டவர். எங்கள் வீட்டில் புளி சேர்த்த எதையும் ஒரு சில்லு வெல்லம் போடாமல் இறக்கியதில்லை. புளிக்குழம்பு, ரசம், தொக்கு, வத்தக்குழம்பு, எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு சில்லு. கை தானாகவே டப்பாவுக்குப் போகும். இன்றும் போயிற்று. கையைப் பிடித்து இழுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்ணெய் பிரிந்து, கருஞ்சிவப்பாக, வீடே தும்மியது. நக்கிப் பார்த்தேன். புளிப்பும் காரமும் உச்சந்தலைக்கு ஏறின. இனிப்பு வாசனை கூட இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

தொக்கு வந்த பிறகு முட்டைக்கோஸ் முட்டைக்கோஸாக இல்லை. வெள்ளரிக்காயைத் தொக்கில் தோய்த்து, முட்டையைப் பிளந்து உள்ளே வைத்து, அவித்த பீன்ஸைத் தொக்கிலேயே பிரட்டி. வயிறு நிறைகிறது. சோறு ஒரு கரண்டியும் நிறுத்திவிட்டேன். பாட்டில் பாதி காலி. இன்னொரு கால் கிலோ புளி ஊறுகிறது.

இவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு, "வெல்லம் போடலியா?" என்றார்.

"போடல."

"அதான் மனுசன் திங்கிற மாதிரி இல்ல."

எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 11, புதன்



பக்கத்து வீட்டு மும்தாஜ் பிளவுஸ் அளவு கொடுக்க வந்திருந்தாள். அவள் இருக்கும்போதே இவர் தையல் மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"இது என்னா?"

திறந்து பாருங்கள் என்றேன். திறந்தார். கொக்கி. பிரஸ் பட்டன். ஒரு இஞ்ச் டேப். எந்தத் தையல்காரி வீட்டில் ஸ்வீட் பாக்ஸில் ஸ்வீட் இருந்திருக்கிறது? போன தீபாவளிக்கு அந்தப் பெட்டியை வாங்கி வந்ததும் இவர், காலி பண்ணியதும் இவர்.

மும்தாஜ் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சிரிப்பா, பாவமா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவமானம் எனக்குத்தான்.

ஆனால் இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். தினமும் காலையில் பத்து ஊசிக்கு நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் இவர் பேப்பர் படிக்கப் போகிறார். நான் கேட்கவில்லை. மார்ச்சிலிருந்து செய்கிறார். இப்படிச் செய்கிற மனிதருக்கு எப்படி என்னைத் திருடி என்று நினைக்க வருகிறது? அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜூன் 14, சனி

லேப். சாப்பிட்ட பின் 271.

ஏறியிருக்கிறது. சோற்றை நிறுத்தி, இட்லியை நிறுத்தி, மாத்திரையை ஒரு வேளை தவறாமல் போட்டு, ஏறியிருக்கிறது.

இவர் காகிதத்தைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சாயங்காலம் பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் பேசியது கேட்டது.

"நான் என்னாடா பண்றது? பூட்டியா வைக்க முடியும்? அவளுக்கா தோணணும்."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "நீ ஒண்ணும் திருட்டுத்தனமா திங்கிறவ இல்லடி, எனக்குத் தெரியாதா? மாப்ளைக்கி புத்தி இவ்ளோதான்" என்றாள். அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

தைக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

முட்டையில் சர்க்கரை இல்லை. கோஸில் இல்லை. வெள்ளரிக்காயில் இல்லை. தொக்கில் நான் போடவில்லை. அப்படியானால் நான் என் கையால் செய்யாதது என்ன?

பொடி.

அக்காவும் அதே நெல்லிக்குப்பம்தான். அதே வீட்டுக் கைதான். வறுத்த மிளகாயோடு ஒரு சில்லு வெல்லம் சேர்த்து அரைத்தால் நிறம் நிற்கும் என்று அம்மா சொல்வாள். அக்கா அதை விட்டிருப்பாளா? விடவே மாட்டாள்.

டப்பாவைத் திறந்து விரலில் தொட்டு நக்கினேன். இனிக்கிற மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் இனிக்கத்தான் செய்யும்.

ஜூன் 17, செவ்வாய்

சிதம்பரம் போய் வந்தேன். சொல்லிக்கொள்ளாமல் போனேன். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆலப்பாக்கம் தாண்டும் வரை நின்றுகொண்டு. புதுச்சத்திரத்தில் இடம் கிடைத்தது, மீன் கூடைக்குப் பக்கத்தில்.

அக்கா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் சுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை நான்.

"பொடியில வெல்லம் போடுறியா?"

"என்னாடி வந்ததும் வராததுமா?"

"போடுறியா இல்லியான்னு மட்டும் சொல்லு."

"சுகர் வந்தவளுக்கு வெல்லத்த போட்டுக் குடுப்பனா? ஒனக்குன்னு தனியாதான்டி அரைக்கிறேன்."

"பொய் சொல்லாத. ஒன் கை எனக்குத் தெரியும்."

சுதா துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஊர் மெச்சவேண்டும் என்பதற்காகச் சில்லு சில்லாகப் போட்டிருக்கிறாய், என் கண் போனாலும் உனக்கு ருசிதான் பெரிது என்றெல்லாம் சொன்னேன். எழுதும்போது நாராசமாக இருக்கிறது. சொல்லும்போது அப்படி இல்லை.

அக்கா கத்தவில்லை. கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாப்ள ஒன்ன நம்பலன்னு சனிக்கெழம எங்கிட்ட அழுத. நான் ஒரு வார்த்த கேக்காம நம்புனன். நீ என்னாடான்னா அதே கேள்விய எங்கிட்ட கொண்டாந்து கேக்குற."

பிறகு சுதாவைப் பார்த்து, "சித்திக்குத் தண்ணி குடு, பஸ்சுக்குப் போவட்டும்" என்றாள்.

தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

போன்: வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

சட்டை பாக்கி 2.

நேற்று பஸ்ஸில் வரும்போது முழுக்க, நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கடலூர் வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

மும்தாஜ் தைத்த பிளவுஸை வாங்க வந்தாள். வீட்டில் ஜும்மா பிரியாணி வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். குவைத்தில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் அவள் அத்தாவுக்காக அனுப்பிய சுகர் மிஷின் ஒன்று இருக்கிறதாம்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. மனுசங்ககிட்ட கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. மிஷின்கிட்ட கேளுங்க. சாப்புடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அக்காவை வெட்டியிருக்கிறேன்.

நாளை முதல் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் வெள்ளரிக்காயோடு ஒரே ஒரு சாமான். அளந்து.

ஜூன் 21, சனி

வெள்ளரிக்காய், இரண்டு முட்டை. எலுமிச்சை, உப்பு. மற்றது எதுவும் இல்லை.
முன்: 157
ஒன்றரை மணி நேரம் கழித்து: 164

விரலில் குத்தும்போது மும்தாஜ் "பிஸ்மில்லா" என்றாள். வலி ஜாஸ்தி இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

வெள்ளரிக்காய், அக்காவின் பொடி இரண்டு ஸ்பூன், நல்லெண்ணெயில் குழைத்து.
முன்: 155
பின்: 163

இரண்டு தடவை குத்திப் பார்த்தேன். அதேதான்.

பொடியில் ஒன்றும் இல்லை. அக்கா பொய் சொல்லவில்லை. மிஷினை மூடி வைத்துவிட்டு, மறுபடி திறந்து அந்த எண்ணைப் பார்த்தேன். இவர் வந்து, "என்னாச்சு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 23, திங்கள்

வெள்ளரிக்காய், தொக்கு. தினமும் மதியம் சாப்பிடுகிற அளவு. ஒரு கிண்ணம்.
முன்: 158
பின்: 221

சோறு இல்லை. இட்லி இல்லை. ஒளித்து வைத்த மைசூர்பாகும் இல்லை. வெறும் தொக்கு.

நான் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மும்தாஜ் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னாக்கா ஜாஸ்தி?"

"புளிதான். ஆனா புளி புளிப்புல்ல. அதுல எங்கேருந்து சர்க்கர வரும்?"

"புளியும் பழந்தானக்கா? ஸ்கூல்ல படிக்கும்போது மரத்தடியில பொறுக்கித் திம்போம், பழுத்தது இனிச்சிக்கெடக்குமே."

இனிச்சிக்கெடக்கும். ஆமாம். தின்றிருக்கிறேன். கை நிறைய.

கரும்புக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இனிப்பு என்றால் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவது. போடாத இடத்தில் அது இருக்கும் என்று புத்திக்கு எட்டவில்லை. வெல்லத்தை நிறுத்திவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்டு, வாரம் அரைக்கிலோ பழத்தை எண்ணெயில் கிண்டிக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றிருக்கிறேன். தொட்டுக்கொள்வதைச் சோறு மாதிரி தின்றவள் நான். ஒரு ஸ்பூனோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

என் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலைக் கவிழ்த்து மண்ணில் கொட்டினேன். நல்லெண்ணெய் போனதுதான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

ஜூன் 24, செவ்வாய்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் கணக்கையும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அட, புளியா? நல்லவேள கண்டுபுடிச்ச. சரி வுடு."

சரி விடு.

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான். பேப்பரை எடுத்துக்கொண்டார். 'உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று மூன்றே சொல். அதற்கு வாயில் என்ன, முள்ளா?

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலு தடவை.

ஜூன் 26, வியாழன்

எடுக்கவில்லை. சுதாதான் எடுத்தாள். "அத்த கோயிலுக்குப் போயிருக்காங்க சித்தி" என்றாள். பின்னால் அக்கா இருமுவது கேட்டது.

ஜூன் 29, ஞாயிறு

சிதம்பரம். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஊர் தயாராகிறது. தேரடிப் பக்கம் கூட்டம், ஆட்டோ உள்ளே வராது என்றார்கள். மேல வீதியிலிருந்து நடந்தேன்.

கதவைத் திறந்தது சுதா. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் நேராக அடுக்களைக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன். "தப்பு பண்ணிட்டன் யக்கா" என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

"இங்க எதுக்கு வந்து காதுல சொல்லுற? அன்னிக்கிக் கூடத்துல நின்னு சொன்ன. மருமவ முன்னாடி சொன்ன. அவ இன்னும் வெல்ல டப்பாவப் பாக்கும்போதெல்லாம் என் மூஞ்சியப் பாக்குறா. அங்க போயி சொல்லு."

வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போனேன், கூடத்துக்கு. சுதாவை உட்காரச் சொன்னேன். உன் அத்தை பொடியில் வெல்லம் போடவில்லை, நான்தான் விசாரிக்காமல் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். சுதா, "ஐயோ சித்தி, எதுக்கு இதெல்லாம்" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை, கடைசி வரை கேட்டாள்.

அக்கா அடுக்களை வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வாணலி சத்தம்.

"புளி இல்லாம என்னாத்துலடி தொக்கு பண்ணுவ?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"தெரியலக்கா."

"எலுமிச்சம்பழத்துல பண்ணு. கறிவேப்பல, எள்ளு. பொடியிலயும் கடலப்பருப்ப எடுத்துடுறன். ஆனா அத கொத்சுப் பொடின்னு எவகிட்டயும் சொல்லாத. எம் பேரு கெட்டுடும்."

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. தட்டு மட்டும் வைத்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

எலுமிச்சைத் தொக்கு, முதல் தடவை: கசப்பு. சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டுவிட்டேன். வேப்பிலைக் கஷாயம் தோற்றது. கொட்டினேன்.

இரண்டாம் தடவை: கறிவேப்பிலை நாலு கை, அலசித் துடைத்து நிழலில் உலர்த்தி. எள் வறுத்தது மூன்று ஸ்பூன். பச்சை மிளகாய் பத்து. இஞ்சி. பூண்டு நாலு பல் மட்டும். எல்லாவற்றையும் கொரகொரவென்று அரைத்து, நல்லெண்ணெயில் ஓரம் விடுகிற வரை கிளறி, அக்கா அன்றைக்கே வறுத்துக் கொடுத்த புதுப் பொடி, பெருங்காயம், உப்பு. அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு நாலு பழத்துச் சாறு.

நாக்கில் வைத்தேன். பழைய தொக்கு மாதிரி இல்லை. இல்லை என்றால் இல்லை. ஆனால் கோஸை உள்ளே தள்ளுகிறது. ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன். இந்தத் தடவை பாட்டிலுக்குள்ளேயே ஸ்பூனைப் போடாமல், கிண்ணத்தில் எடுத்துவிட்டுப் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 5, சனி

முன் 139. தொக்கோடு சாப்பிட்ட பின் 171.
மும்தாஜ் ஒரு பாட்டில் கேட்டிருக்கிறாள், அவள் அத்தாவுக்கு.

இவர்: "இதுலயும் ஒரு சில்லு வெல்லம் போட்டா எடுப்பா இருக்கும்."

பாட்டிலை எடுத்து மேல்தட்டில் ஏற்றினேன்.

ஜூலை 10, வியாழன்

முன் 128. பின் 166.
பழைய ஜாக்கெட் பிரித்துக் கொடுத்தது 2. வலது கண்ணை வைத்தே ஓட்டுகிறேன். தலைவலி.

இன்னும் நான்கு நாள்தான். சுகர் குறைந்த சந்தோஷத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக இருக்கிறது. என்ன செய்ய.

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரி. கூட்டம். டோக்கன் 23. மேகமூட்டம், மழை இல்லை.

வெறும் வயிற்றில் 124. சாப்பிட்ட பின் 169. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பரவாயில்லையே, நல்லா குறைஞ்சிருக்கே! என்னம்மா பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர்.

"இப்பல்லாம் திருட்டுத்தனமா சாப்புடுறத வுட்டுட்டா சார்."

அதே நர்சுப் பெண், அதே சிரிப்பு. டாக்டரும் சிரித்துக்கொண்டே ஆபரேஷன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஏங்க, நான் திருட்டுத்தனமா சாப்புட்டத நீங்க பாத்தீங்களா?"

"சும்மா தமாசுக்கு..."

"புளின்னு ஒங்ககிட்ட எழுதிக் காட்டுனன். படிச்சீங்க. அப்பறமும் இங்க வந்து அதையேதான் சொல்லுறீங்க."

டாக்டரிடம் சொன்னேன், வெல்லம் போடாத தொக்கு, வாரம் அரைக்கிலோ புளி, மிஷின் கணக்கு, எல்லாம். சுருக்கமாகத்தான். டாக்டர் பேனாவை மூடினார். "புளியில உண்டும்மா. ஸ்பூன் கணக்குன்னா பரவாயில்ல, இவ்வளவு சாப்பிட்டா ஏறத்தான் செய்யும். நான்தான் சரியா விசாரிக்காம விட்டுட்டேன்" என்றார். அவர் சொல்லிவிட்டார். இவர் சொல்லவில்லை.

"வா, வெளிய ஆளுங்க நிக்குறாங்க" என்று இவர் எழுந்தார்.

"நிக்கட்டும். இந்த ரூம்புலதான் என்ன திருடின்னு சொன்னீங்க. இந்த ரூம்புலயே இல்லன்னு சொல்லுங்க. அப்பதான் நான் எழுந்திருப்பன்."

கடிதம் டாக்டர் கையிலேயே இருந்தது. ஃபேன் சுற்றியது. இவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் நாலு பேர் முன்னால் தோற்றுப் பார்த்ததில்லை நான். பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில், மீசைக்குள்ளேயே, "அவ எதையும் ஒளிச்சி சாப்புடல சார்" என்றார்.

எனக்குக் கேட்டது. டாக்டருக்கும் கேட்டிருக்கும். கதவோரம் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுக்குக் கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றேன்.